கீழ்த்தாடைக்கு இரண்டு திருகுகள்

"பல் போய் இருபது வருஷம் ஆச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்." அறுபது வயதைத் தாண்டியவர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நாற்பதுகளிலேயே கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள், பல்செட் வாங்கி அதை டப்பாவிலேயே போட்டு வைத்திருப்பவர்கள், பல்செட்டே வேண்டாம் என்று ஈறால் மென்று பழகிவிட்டவர்கள் என அவர்களில் பல வகை. பல்லுக்காகத் தாடையெலும்பில் திருகாக ஊன்றும் இம்ப்ளாண்ட் என்ற சொல் அவர்களுக்குத் தெரியும். மகனோ மருமகளோ மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியும் இருப்பார்கள். அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எலும்பு கரைந்துவிட்டது, பழைய பல்செட்டையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. வாய் முழுக்க நிலையாகப் பல் கட்டிவிடலாம், சில லட்சம் ஆகும் என்பது மற்றொன்று.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. பல் போன இடத்தில் எலும்பு கரையத்தான் செய்யும். வாய் முழுக்க நிலையான பல் கட்டவும் முடியும். ஆனால் இவற்றுக்கு நடுவே இன்னொரு வழி உண்டு. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, அவற்றின்மேல் பல்செட்டைப் பிடிமானத்தோடு பொருத்துவது. எல்லாப் பற்களையும் இழந்து நெடுங்காலம் ஆனவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது அதுதான். அந்த வழியைப் பற்றித்தான் அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையைத் தெரிந்துகொண்டாலே 'காலம் கடந்துவிட்டது' என்ற பேச்சின் வலு குறைந்துவிடும். ஸ்வீடனில் உள்ள லுண்ட் நகரில் 1952-ல் பெர்-இங்வர் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக முயல்களின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனபோது கருவி வரவில்லை. எலும்பு அதை ஒட்டி வளர்ந்து, தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. பிரோனெமார்க் பல் மருத்துவர் அல்லர், உடற்கூறியல்காரர். இருந்தாலும் அந்தப் பிடிப்பை எங்கே பயன்படுத்தலாம் என்று யோசித்தபோது அவர் பார்வை பல்லில்லாத தாடைமேல் விழுந்தது. 1965-ல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவர் அவருடைய முதல் நோயாளி ஆனார். பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறையும் உள்ளவர் அவர். கீழ்த்தாடையில் பல் கிடையாது. பேசுவதும் தின்பதும் பெரும்பாடு. அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகள் வைக்கப்பட்டன. 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், அவை உழைத்தன.

லார்சனுக்குப் பின் பிரோனெமார்க்கிடம் வந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்தவர்கள்தாம். அவருடைய குழு 1981-ல் பதினைந்து ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டது. 371 பேர், 410 தாடைகள். ஒவ்வொன்றும் பல்லே இல்லாத தாடை. செய்முறை பக்குவப்பட்ட பிறகு வைத்து, ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள்வரை கவனிக்கப்பட்ட இம்ப்ளாண்டுகளில் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் மேல்தாடையில் 81 சதவீதமும் உறுதியாக நின்றன. அடுத்த ஆண்டு டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கப் பல் மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொண்டது. ஆக, பல்லையெல்லாம் இழந்து, பல்செட்டும் நிற்காமல் அவதிப்பட்டவர்களுக்காகவே உருவான சிகிச்சை இது. ஒற்றைப் பல் போனவர்களுக்கு வைக்கும் வழக்கம் பிறகு வந்தது. அப்படி இருக்க, யாருக்காக இது உருவானதோ அவர்களையே 'உங்களுக்கு ஆகாது' என்று திருப்பி அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

எலும்பின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். தாடையெலும்பில் இரண்டு பகுதி உண்டு. அடியில் இருப்பது தாடையின் சொந்த எலும்பு. அதன்மேல் பல்லைச் சுற்றி எழும்பி நிற்கும் எலும்பு பல்லுக்காகவே வளர்வது. மெல்லும்போது பல் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. பல் போய்விட்டால் அந்த அழுத்தம் நிற்கிறது, எலும்பும் கரையத் தொடங்குகிறது. கடைவாய்ப் பகுதியில் ஒற்றைப் பல் பிடுங்கியவர்களை ஓராண்டு தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்று 2003-ல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்தது. ஓராண்டில் எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்கலாம். பல் பிடுங்கப் போகிறவருக்கு இது எச்சரிக்கை. ஆனால் பல் போய்ப் பல ஆண்டு ஆனவருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. கரைவதில் பெரும்பங்கு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, அதன்பின் வேகம் குறைகிறது. பக்கத்துப் பற்கள் இருந்து நடுவே ஒன்று மட்டும் போனவரைப் பொறுத்தவரை, மூன்று ஆண்டுக்கும் பதின்மூன்று ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலர் பயப்படுகிற அளவுக்கு இருப்பதில்லை. அவருக்கு வரும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காலியான இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்ந்திருக்கும். எதிர்வரிசைப் பல் அந்த ஓட்டையைத் தேடி இறங்கியோ ஏறியோ இருக்கும். எலும்பு போதுமானதாக இருந்தும் பல் வைக்க இடம் இருக்காது. கிளிப் போட்டுப் பற்களை நகர்த்திவிட்டுத்தான் இம்ப்ளாண்ட் வைக்க வேண்டியிருக்கும்.

பல்லே இல்லாமல் பல்செட் மட்டும் போடுகிறவர்களின் நிலைமை இப்படி இல்லை. அவர்களுக்குக் கரைவு நிற்பதேயில்லை. ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் அணிந்தவர்களை இருபத்தைந்து ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்து 1972-ல் எழுதிய கட்டுரை இன்றும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு அதிகமாகக் கரைகிறது என்பது அவர் கண்டது. கால் நூற்றாண்டில் கீழ்த்தாடையின் முன்புறம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம் போயிருந்தது. மேல் பல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம் தருகிறது. கீழே இருப்பதோ குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய மேடு, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. மேல்செட் நிற்கிறது, கீழ்செட் தூக்குகிறது என்று ஊரெல்லாம் புலம்புவதற்குக் காரணம் இதுதான். செட் செய்தவரின் கைவண்ணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கரைவு மிகவும் முற்றியவர்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, முன்கடைவாய்ப் பல் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு துளை வழியாக உதட்டுக்கு வருகிறது. எலும்பு தேயத் தேய அந்தத் துளை மேட்டின் உச்சிக்கே வந்துவிடும். அதன்மேல் பல்செட் உட்கார்ந்து ஒவ்வொரு கடிக்கும் நரம்பை அழுத்தும். இப்படிப்பட்டவர் வலி தாங்காமல் செட்டைக் கழற்றி வைத்தால், 'போட்டுப் பழகணும், பழகலைன்னா எப்படி?' என்று வீட்டில் கடிந்துகொள்வார்கள். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. எத்தனை நாள் போட்டாலும் பழகக்கூடிய வலியும் அல்ல அது.

இத்தனை கரைந்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் எலும்பு பெரும்பாலும் மிஞ்சி நிற்கும். வலப்பக்கத் துளைக்கும் இடப்பக்கத் துளைக்கும் இடையே, மோவாய்க்கு மேலே உள்ள பகுதி அது. எலும்பு அங்கே அடர்த்தியானது, நரம்பில் இடிக்கும் ஆபத்தும் குறைவு. பிரோனெமார்க்கின் தொடக்ககால வெற்றிகள் பெரிதும் இந்த நிலத்தில்தான் விளைந்தன. கோரைப்பற்கள் இருந்த இடத்தில் இப்பக்கம் ஒன்று அப்பக்கம் ஒன்று என இரண்டு இம்ப்ளாண்ட் வைத்தால் போதும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் எலும்பு அவற்றைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் ஈறுக்கு வெளியே தெரியும்படி சிறு குமிழ் போன்ற உறுப்பைப் பொருத்தி, பல்செட்டின் அடியில் அதற்கேற்ற மூடியைப் பதிப்பார்கள். சட்டையின் பிரஸ் பட்டன் போல ஒரு சிறு சத்தத்தோடு செட் உட்காரும். இருமினாலும் சிரித்தாலும் கிளம்பாது. இரவில் கழற்றிக் கழுவி வைக்கலாம். பல நேரங்களில் ஏற்கெனவே இருக்கும் நல்ல பல்செட்டிலேயே மூடியைப் பதித்துவிடவும் முடியும்.

இது சோதனை நிலையில் உள்ள முறை அன்று. 2002-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு வெறும் பல்செட் இனி முதல் தேர்வாக இருக்கக் கூடாது, இரண்டு இம்ப்ளாண்ட் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூடியவர்களும் அதை வழிமொழிந்தார்கள். கடிக்கும் வலு, உண்ணும் வசதி, நோயாளியின் மனநிறைவு என எதை வைத்துப் பார்த்தாலும் வெறும் கீழ்செட்டைவிட இது மேல் என்பதே அவர்கள் முன்வைத்த ஆதாரம். மான்ட்ரியல் அறிவிப்பு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம்மூரில் முழுப் பல்லையும் இழந்த ஒருவருக்கு இன்றும் முதலில் கிடைப்பது வெறும் பல்செட்தான்.

மேல்தாடைக்கு வேறு கணக்கு. கன்னத்தின் உள்ளே, மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே, சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனதும் கீழிருந்து எலும்பு கரைகிறது, மேலிருந்து அந்த அறை விரிந்து இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சும். பக்கவாட்டில் சிறு சன்னல் திறந்து, அறையின் அடிச்சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, கீழே எலும்புத் தூளை நிரப்பி, அது எலும்பாக மாற ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் காத்திருப்பார்கள். 1970-களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. 'சைனஸில் கை வைக்கிறார்கள்' என்றதும் நோயாளிகள் நடுங்குவது இயல்பு. தேர்ந்த கையில் இது நல்ல பலன் தருகிறது. ஆனால் கால அளவும் செலவும் இரண்டு மடங்கு ஆகும் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எட்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த குட்டை இம்ப்ளாண்டுகளைக் கொண்டு இந்தப் பாட்டையே தவிர்க்கும் வாய்ப்பும் இன்று பலருக்கு உண்டு.

அந்த எலும்புத் தூள் எதிலிருந்து வருகிறது என்று நோயாளிகளில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? உலகில் பெரிதும் பயன்படும் தூள்களில் ஒன்று மாட்டின் எலும்பைப் பதப்படுத்திச் செய்வது. மனித எலும்பிலிருந்து செய்வதும் உண்டு, ஆய்வகத்தில் கால்சியம் பாஸ்பேட்டைக் கொண்டு செய்வதும் உண்டு. மேலே போர்த்தும் சவ்வு சில நேரம் பன்றியிலிருந்து வரும். மருத்துவ நோக்கில் இவை பாதுகாப்பானவை. ஆனால் சைவ உணவுக்காரருக்கும், பசுவை வணங்குகிறவருக்கும், இஸ்லாமியருக்கும் தன் தாடைக்குள் போவது எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. கேட்ட பிறகு சொல்வது போதாது. மருத்துவரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டிய செய்தி இது.

மேல்தாடையில் தூள் நிரப்பவும் வழியில்லை என்றால் கன்ன எலும்பில் போய் ஊன்றும் நீண்ட இம்ப்ளாண்டுகள் இருக்கின்றன. மூன்று சென்டிமீட்டரில் தொடங்கி ஐந்துக்கு மேலும் நீளும் அவற்றையும் பிரோனெமார்க்தான் கொண்டுவந்தார். நான்கே இம்ப்ளாண்டுகளில் பின்னிரண்டைச் சாய்த்து வைத்து, ஒரு வரிசைப் பல்லையே தாங்கச் செய்யும் முறையை லிஸ்பனைச் சேர்ந்த பாவுலோ மாலோ 2003-ல் வெளியிட்டார். சரியான ஆளுக்குச் சரியான கை செய்தால் இரண்டுமே அருமையான சிகிச்சைகள்.

'மூன்றே நாளில் நிலையான பல்' என்ற விளம்பரங்களுக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இம்முறைகளின் வகைகளே. அங்கேதான் கவலையும் தொடங்குகிறது. மூன்று நாளில் வாய்க்குள் வருவது பல வேளைகளில் தற்காலிகப் பல். எலும்பு பற்றிக்கொள்ள மாதங்கள் ஆகும், அதுவரை மென்மையான உணவுதான் உண்ண வேண்டும். எல்லோருக்கும் இது பொருந்தவும் செய்யாது. இன்னும் வருத்தமானது, காப்பாற்றக்கூடிய பற்களையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு வாய் முழுக்கக் கட்டித் தருவது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பத்து ஆண்டு உழைக்கும் பல்லை எடுத்துவிட்டு வைக்கும் இம்ப்ளாண்ட் லாபம் ஆகாது. இரண்டு திருகில் தீர வேண்டிய தேவைக்கு எட்டுத் திருகு விற்கப்படும்போது, தாங்க முடியாதவர்கள் மொத்தமாக ஒதுங்கிப் போகிறார்கள். வெறும் ஈறோடு அவர்கள் வாழ்வதற்கு அந்த விலைச்சீட்டும் ஒரு காரணம்.

வெறும் ஈறோடு வாழ்வது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பவர்கள் அவர்களின் தட்டைப் பார்க்க வேண்டும். முழுப் பல்செட் அணிந்தவரின் கடிவலு இயற்கைப் பல் உள்ளவருடையதில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். பல்செட்டும் இல்லையென்றால் அதுவும் கிடையாது. முதலில் போவது வேர்க்கடலையும் கொய்யாவும். அடுத்து கேரட், வெண்டைக்காய், முருங்கைக்காய், கறி. கடைசியில் மிஞ்சுவது குழைந்த சோறு, ரசம், தண்ணீரில் ஊறிய இட்லி, பாலில் தோய்த்த பிஸ்கட், ரொட்டி. புரதமும் நாரும் வடிந்து மாவுச்சத்து மட்டும் தங்கிவிட்ட தட்டு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அவர்களில் முதியவர்களிடம் 'காய்கறி அதிகம் சேருங்கள், சோற்றைக் குறையுங்கள்' என்று மருத்துவர் சொல்கிறார். அதை மெல்ல வாயில் பல் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. நீரிழிவு ஈறு நோயைத் தூண்டுகிறது, ஈறு நோய் பல்லை விழவைக்கிறது, பல்லில்லாத வாய் மாவுச்சத்தை நாடுகிறது, அது சர்க்கரையை ஏற்றுகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லிவந்த ஊரில், நொறுக்கும் கருவி போனவர்களைப் பற்றி யாரும் கவலைப்படாமல் இருப்பது வேதனை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 23 சதவீதம் பேர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள். நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவர்.

சிகிச்சைக்கு வயது தடையல்ல. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் எலும்பு இம்ப்ளாண்டைப் பற்றிக்கொள்கிறது. தடையாக இருக்கக்கூடியவை வேறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் தாடையில் கை வைக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகையிலையோடு பாக்கு மென்று வாய் திறக்காமல் இறுகிப் போனவர்களுக்குக் கருவியே உள்ளே போகாது. இதய நோய்க்கு ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் வைத்தியத்துக்காகத் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஒரு ஊசியோ எடுத்துக்கொள்ளும் பெண்கள் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள். பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளும் டெனோசுமாப் ஊசியும் எடுப்பவர்களில் சிலருக்கு, பல் பிடுங்கிய பிறகோ இம்ப்ளாண்ட் வைத்த பிறகோ தாடையெலும்பு ஆறாமல் செத்துப்போகும் நிலை வரலாம். 2003-லிருந்தே இது மருத்துவ உலகுக்குத் தெரியும். தேய்மானத்துக்கான அளவில் இது மிக அரிது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்குத் தரும் உயர்ந்த அளவில் அவ்வளவு அரிதல்ல. முழங்கால் வலிக்குப் போன இடத்தில் எழுதித் தந்த மருந்து பல்லோடு தொடர்புடையது என்று ஒரு பாட்டிக்கு எப்படித் தெரியும்? மருந்துச் சீட்டு முழுவதையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியது பல் மருத்துவரின் கடமை. வாய்ப் புற்றுநோய்க்குத் தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அவர்களின் தாடையைத் துளைக்கக் கூடாது.

வைத்த பிறகும் பொறுப்பு தீர்ந்துவிடாது. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது என்பதால் பராமரிப்பு வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோய்க்கு ஆளாகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கட்டுரை, இம்ப்ளாண்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சுற்றெலும்பைத் தின்னும் அழற்சி இருப்பதாகக் கணித்தது. ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் அளவு வேறு, சாவி வேறு. பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில் ஒரு மருத்துவர் அதைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டுமானால், எந்த நிறுவனம், எந்த அளவு என்று தெரிந்தாக வேண்டும். அந்த விவரம் உள்ள ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

இனி பணம். ஓர் இம்ப்ளாண்டும் அதன்மேல் பல்லும் சாதாரணமாக இருபதாயிரம் ரூபாயில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டுகிறது. தனியார் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் விபத்தில் பல் போனால்தான் பணம் தருகின்றன. ஓய்வூதியம் இல்லாத ஒரு முதியவருக்கு இரண்டு இம்ப்ளாண்ட்கூடக் கனவுதான். ஒரு இம்ப்ளாண்டில் உள்ள டைட்டானியம் ஒரு கிராம்கூட இருக்காது. அந்த உலோகத்தின் மூலத்தாதுவான இல்மனைட் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது. விலை ஏறுவது உலோகத்தால் அல்ல. துல்லியமாகக் கடைவது, மேற்பரப்பைப் பதப்படுத்துவது, ஆய்வு, நிறுவனத்தின் பெயர், மருத்துவரின் கூலி எல்லாம் சேர்ந்துதான்.

இப்படிப்பட்ட விலையைத் தமிழ்நாடு ஒருமுறை உடைத்துக் காட்டியிருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி நூறு டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு ஆரோலேப் தொடங்கியது. அதே தரமான லென்ஸைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. இன்று நாட்டில் எந்த ஏழை முதியவரும் லென்ஸ் இல்லாமல் தடித்த கண்ணாடியோடு வீடு திரும்ப வேண்டியதில்லை. இம்ப்ளாண்டிலும் உள்நாட்டு முயற்சி இல்லாமல் இல்லை. டெல்லி ஐஐடியும் மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கழகமும் சேர்ந்து அரசின் ஆய்வு நிதியில் ஓர் இந்திய இம்ப்ளாண்டை உருவாக்கின. குறைந்த விலையில் நம்பகமான திருகு செய்வதற்கு அறிவு இங்கே இருக்கிறது. மொத்தமாக வாங்க ஆள் இருந்தால் தொழிலும் வரும். அந்த ஆள் அரசாகத்தான் இருக்க முடியும்.

சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1950-களிலிருந்து நடக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய, கீழ்த்தாடையில் பல்லே இல்லாத, குறைந்த வருமானமுள்ள ஒருவருக்கு இரண்டு இம்ப்ளாண்டும் அதில் மாட்டும் பல்செட்டும் இலவசம் என்று அறிவித்து இந்தக் கல்லூரிகளில் தொடங்கலாம். பிறவியில் காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்க முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. அதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. பயனாளி ஒவ்வொரு நாளும் மூன்று வேளை உணரும் பயன். கோன் பீம் ஸ்கேன் எடுத்து நரம்புக்கும் திருகுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் வசதி மட்டும் ஒவ்வொரு மண்டலத்திலும் கட்டாயம் வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் நாள்தோறும் பல் பிடுங்கிவிட்டு வெளியே வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பஞ்சைக் கடித்துக்கொண்டு போங்கள், சூடாக எதையும் சாப்பிடாதீர்கள் என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் எலும்பு வேகமாகக் கரையும், மறுபடி பல் கட்டும் எண்ணம் இருந்தால் அதற்குள் வாருங்கள், முடியாவிட்டாலும் பிறகு வழி உண்டு என்று ஒரு துண்டுச்சீட்டில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கச் சில பைசாதான் ஆகும்.

இரண்டு திருகுத் திட்டம் வந்தால் அதன் பராமரிப்பையும் முதலிலேயே யோசித்துவிட வேண்டும். பல்செட்டின் அடியில் உள்ள நைலான் மூடி தேய்ந்து தளரும். ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ ஆனால் மாற்ற வேண்டும். சிறிய வேலை, சில நிமிடத்தில் முடியும், மயக்க ஊசிகூட வேண்டாம். இதற்காக இராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ ஒரு முதியவர் பேருந்து ஏறிச் சென்னைக்கு வர வேண்டியிருந்தால் அவர் வரமாட்டார். தாலுகா அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரிடமே அந்த மூடியும் அதை மாற்றும் சிறு கருவியும் இருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் ஒரே அளவிலான திருகு வாங்கினால்தான் அது நடக்கும். ஆகவே எந்த அளவு, எந்தப் பொருத்து என்று முடிவு செய்வதுதான் இந்தத் திட்டத்தின் முதல் வேலை.